மிளகுக்கு ஒரு விளக்கு

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடியும் அந்தப் பெயர் போகவில்லை. மேலே ஏறும்போது லிஃப்ட் லேசாகக் குலுங்கினால் போதும், கம்பெனிக்குப் போன் செய்வதற்கு முன்னால் அவருடைய கதவைத் தட்டுவார்கள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே டார்ச்சைத் தேடி எடுப்பார். வாழ்க்கையில் பாதியை லிஃப்ட் ஓடும் கிணறுகளுக்குள் கழித்த மனிதர். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கிரீஸ் பிசுபிசுக்கும் கம்பிவடத்தை விரலால் தடவி, எங்கே இழை நைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பொறுமையில் கால்வாசிகூட மனுஷர்களிடம் கிடையாது. வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

அவருடைய மனைவி நேர்மாறு. எதையாவது வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டே இருப்பாள். முதலில் சேர்த்தது தன் தம்பியை. அவர் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கல்யாணம் கட்டிக்கொள்ளாதவர். அந்தக் கம்பெனி இடம் மாறிப்போனபோது, வேறு வேலை கிடைக்கும்வரை பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடும் தையல் மெஷினோடும் வந்து இறங்கினார். பத்து நாளைக்கு யாராவது தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று லிஃப்ட்காரர் அன்றைக்கே கேட்டார். கேட்டது சரியாகத்தான் போயிற்று. மாஸ்டர் வந்தவர் வந்தவர்தான். பின்பக்க அறையில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தாருக்குத் துணி பிரித்துத் தைத்துக் கொடுத்துக் காலம் ஓட்டினார்.

இரண்டாவதாகச் சேர்த்தது நாயை. குட்டைக் கால், நீள முதுகு, பீப்பாய் நெஞ்சு, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை கரிக்கறுப்பு. மிளகு என்று பெயர் வைத்தவளும் அவளே. காலையில் லிஃப்ட்காரர் பால் வாங்கப் போகும்போது மிளகைக் கூட்டிக்கொண்டு போவார். மாலை நடை அக்காவும் தம்பியுமாக. அந்தி சாயும் நேரத்தில் இரண்டு பேரும் கையோடு கை கோத்துக்கொண்டு படி இறங்குவதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வரும். கிழவயதில் என்ன கொஞ்சல், போகட்டும், என் தலையை உருட்டுவதற்கு ஒரு இடம் வேண்டாமா அவர்களுக்கு என்று நினைத்துக்கொள்வார்.

அவள் போனது கோடையில். காலையில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு கண் திறக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் போனபின் வீட்டில் மிஞ்சியது இரண்டு ஆண்களும் ஒரு நாயும். இருவருக்கும் நடுவில் பாலமாக இருந்தவள் இல்லாததால், பேச்சு வீட்டு விஷயத்தோடு நின்றது. கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, மிளகுக்குச் சாப்பாடு வைத்தாயிற்றா. மாலை நடையை மாஸ்டர் ஒருவரே எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, அதுவாக அப்படி ஆயிற்று.

கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் நெடுநேரம் நின்றது. பிறகு மழையும் குளிரும் வந்தன. நாலு மணித் தேநீர் ஆறுவதற்குள் வானம் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. அப்படி ஒரு மாலையில் மாஸ்டர் முழங்காலில் கிழிந்த பேண்ட்டோடு திரும்பி வந்தார். மிளகு பின்னங்காலைத் தூக்கித் தூக்கி நொண்டியது. குடியிருப்புக்குப் பின்னாலுள்ள சந்தில், சாப்பாடு கொண்டுபோகும் ஒருவனுடைய சைக்கிள் இடித்துவிட்டதாம்.

"அவன்கிட்ட லைட் இல்ல அத்தான். காத்து மாதிரி வந்தான்" என்றார் மாஸ்டர்.

லிஃப்ட்காரர் பொரிந்து தள்ளிவிட்டார். கறுப்பு நாய், கறுப்பு வார், மேலே மாட்டியிருப்பதும் கறுப்பு ஸ்வெட்டர். இருட்டோடு இருட்டாகப் போனால் எவன் கண்ணுக்குத் தெரியும், இடித்தவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது என்று. மாஸ்டர் குனிந்து நாயின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு எலும்புக்கு ஒன்றுமில்லை, தோல்தான் வழன்றிருக்கிறது என்று கட்டுப் போட்டு அனுப்பினார். கூடவே, இந்தக் காலத்தில் நாய்க்கு ஒரு விளக்கும் பளிச்சிடும் பட்டை வைத்த கோட்டும் இல்லாமல் வெளியே கூட்டிப் போகாதீர்கள் என்றும் சொன்னார்.

அந்த வார இறுதியில் மூவருமாகப் பிராணிகளுக்கான கடைக்குப் போனார்கள். கடையில் இருந்தது ஒரு இளம்பெண். நாய் விளக்கில் இத்தனை ஜாதி இருக்கும் என்று லிஃப்ட்காரர் கனவிலும் நினைத்ததில்லை. கழுத்தைச் சுற்றி வளையமாக எரிவது, மணி மாதிரித் தொங்குவது, எங்கே வேண்டுமானாலும் கவ்வி நிற்கும் குட்டி விளக்கு. சிவப்பு, நீலம், பச்சை. ஒரு தடவை அமுக்கினால் நின்று எரியும், இன்னொரு தடவை அமுக்கினால் மினுக்கும். கடை வெளிச்சத்தில் ஒன்றும் விளங்காது என்று அந்தப் பெண் அவர்களைப் பின்னாலிருந்த சரக்கு அறைக்குக் கூட்டிப்போய் விளக்கை அணைத்தாள். அணைத்த மறுநிமிஷம் தடதடவென்று சத்தம். மாஸ்டர் ஓரமாக அடுக்கியிருந்த நாய் உணவு டின்கள்மேல் மோதிவிட்டார்.

"கொஞ்சம் பார்த்து நிக்கக்கூடாதா?" என்று லிஃப்ட்காரர் இருட்டில் சிடுசிடுத்தார்.

தெரிவு செய்வதில் இருவருக்கும் பெரிய வழக்கே வந்துவிட்டது. மினுக்குவதுதான் வேண்டும் என்பது லிஃப்ட்காரர் கட்சி. அபாய விளக்கு எதுவாக இருந்தாலும் மினுக்கினால்தான் மனிதன் திரும்பிப் பார்ப்பான், அது அவருடைய தொழிலில் படித்த பாடம். மாஸ்டரோ நின்று எரிவதுதான் வேண்டும், அதுவும் பச்சை, அதுவும் இருப்பதிலேயே பிரகாசமானது என்று ஒற்றைக் காலில் நின்றார். அதோடு விட்டாரா? கழுத்தில் வேண்டாம், முதுகில் வாலுக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும் என்றார்.

"எதிர்ல வர்றவனுக்கு நாயோட வால்ல என்னய்யா தெரியும்?" என்றார் லிஃப்ட்காரர்.

"முதுகுலதான் வேணும்" என்றார் மாஸ்டர். ஏன் என்று சொல்லவில்லை.

இரண்டு பேரும் அண்ணன் தம்பியா என்று கேட்டாள் அந்தப் பெண். "அவ்வளவு பாவம் நான் பண்ணல" என்றார் லிஃப்ட்காரர். அவள் சிரித்துவிட்டு வழக்கைத் தீர்த்துவைத்தாள். கழுத்துக்கு மினுக்கும் வளையம் ஒன்று, முதுகுக்கு நின்று எரியும் பச்சை விளக்கு ஒன்று.

கோட்டு விஷயம்தான் தீரவில்லை. மிளகின் நெஞ்சுக்குச் சரியாக வந்த கோட்டு முதுகில் பாதியோடு நின்றது. முதுகுக்குச் சரியாக வந்தது முன்னங்காலுக்குக் கீழே புரண்டது. நல்ல தடிமனான மழைக் கோட்டு ஒன்று ஓரளவு பொருந்தியது. ஆனால் அதன் உயர்ந்த காலர் கழுத்து வளையத்தை முழுசாக மறைத்துவிட்டது. விளக்கைப் போட்டு அதன்மேல் போர்வை போர்த்தினது மாதிரி. மாஸ்டர் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார். "விடுங்க அத்தான், நானே தைச்சுடறேன்" என்றார். அக்கா போனபின் அவர் குரலில் கொஞ்சம் உயிர் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் பட்டப்பகலில், ஜன்னலுக்கு நேராக மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் துணியை விரித்தார். தண்ணீர் ஒட்டாத ஆரஞ்சுத் துணி, உள்ளுக்குக் கம்பளி, விளிம்பு நெடுக வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் வெள்ளிப் பட்டை. லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்குக்கட்டிக் கோடு இம்மி பிசகவில்லை. கத்தரி அந்தக் கோட்டின்மேலேயே சறுக்கிக்கொண்டு போயிற்று. ஊசியில் நூல் ஒரே குத்தில் நுழைந்தது. ஆனால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டிவந்தபோது, மாஸ்டருடைய கை மேஜை முழுக்கத் துழாவியது. கத்தரி அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சாக்குக்கட்டிக்கும் அப்படியே. தலையைக் கோழி மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பித் திருப்பித்தான் கண்டுபிடித்தார்.

லிஃப்ட்காரர் பேப்பரைத் தாழ்த்தினார். லிஃப்ட் கிணற்றுக்குள் இருக்கும்போது, சத்தம் சரியாகக் கேட்டும் ஏதோ சரியில்லை என்று தோன்றுமே, அந்த உணர்வு. வாய்விட்டுக் கேட்கவில்லை. அவருக்கும் மாஸ்டருக்கும் நடுவில் கேட்டுப் பழக்கமில்லை.

கோட்டு அருமையாக அமைந்தது. வயிற்றுப் பட்டை கட்டுப் போட்ட காலில் உரசாமல் மேலே ஏறி நின்றது. காலர் தாழ்வாக இருந்ததால் கழுத்து வளையம் வெளியே தெரிந்தது. பச்சை விளக்கைக் கவ்வவைக்க முதுகில் தனியாக ஒரு துணிக் காது வைத்துத் தைத்திருந்தார். அதைப் போட்டதும் மிளகு கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி ஹாலில் இரண்டு சுற்றுச் சுற்றியது. போனவள் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாள் என்று இருவருக்குமே தோன்றியிருக்கவேண்டும். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

காலில் கட்டைப் பிரித்த பிறகு, தூறல் விழுந்த ஒரு மாலையில், மாஸ்டரும் மிளகும் படியிறங்கியதும் லிஃப்ட்காரர் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக. வேவு பார்ப்பது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனார்.

மாஸ்டர் நடந்த நடை அவர் இதுவரை பார்க்காத நடை. காலைத் தூக்கிவைக்காமல் தேய்த்துத் தேய்த்து வைத்தார். இடது கை சுவரைத் தொட்டும் தொடாமலும் வந்தது. கண் முன்னால் போகும் அந்தப் பச்சைப் புள்ளியைவிட்டு அகலவே இல்லை. புள்ளி நின்றால் நின்றார். புள்ளி வளைந்தால் வளைந்தார். எதிரில் வந்த ஒரு அம்மா வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சந்தின் முனையில் அடர்ந்த செடிவேலி ஒன்று உண்டு. மிளகு எதையோ மோப்பம் பிடித்து அதற்குள் முண்டியது. வெளியே வந்தபோது முதுகிலிருந்த விளக்கு கழன்று, நனைந்த சருகுகளின்மேல் விழுந்து கிடந்தது. கழுத்து வளையத்தை மாட்ட அன்றைக்கு மறந்திருந்தார்கள். மிளகு திரும்பி வந்து மாஸ்டருடைய காலருகே நின்று, போகலாமா என்று அண்ணாந்து பார்த்தது.

மாஸ்டர் தரையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன, உட்கார்ந்துட்டியா? கால் வலிக்குதா?" என்று அதனிடம் கேட்டார். "சரி, மெதுவா எழுந்திரு. அவசரம் ஒண்ணுமில்ல. மழை பெருசா வர்றதுக்குள்ள போயிடலாம். எழுந்திரும்மா."

வார் அவருடைய கையில் தளர்ந்து தொங்கியது. மிளகு அவருடைய பேண்ட்டில் மூக்கைத் தேய்த்தது. அவர் திடுக்கிட்டுக் குனிந்து தடவினார். ஈரமான காது கைக்கு அகப்பட்டது. அப்புறம் நிமிர்ந்து, சருகின்மேல் கிடந்த விளக்கையும் தன் காலடி இருட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார்.

லிஃப்ட்காரருக்கு ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. பிடித்துப் பழக்கமில்லை. கடைசியில் செருமிக்கொண்டு பக்கத்தில் போனார். விளக்கை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மச்சான், நான்தான். கையைக் குடு."

மாஸ்டர் கையை நீட்டவில்லை. ஆனால் லிஃப்ட்காரர் பிடித்தபோது உதறவும் இல்லை. பஸ் நிறுத்தத்துக் கூரையின்கீழ் போய் உட்கார்ந்தார்கள். எவ்வளவு நாளாக இப்படி என்று லிஃப்ட்காரர் கேட்டார். கம்பெனி இடம் மாறுவதற்கு முன்னாலிருந்தே என்றார் மாஸ்டர். முதலில் மாலைக்கண் மாதிரி. பிறகு ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிகிறது. கம்பெனி இடம் மாறியபோது அவரையும் கூப்பிட்டார்கள். புது ஊரில் தட்டுத்தடுமாற வேண்டாம் என்றுதான் போகவில்லை.

"உங்க அக்காவுக்கு?"

"தெரியும். அதுக்குத்தானே தினம் கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போவா. வீட்டுக்குள்ளயே கிடந்தா கண்ணோட சேர்ந்து மனசும் போயிடும்டானு சொல்லுவா."

லிஃப்ட்காரர் சாலையைப் பார்த்தார். வண்டிகளின் முன்விளக்கு பட்டபோதெல்லாம் மிளகின் கோட்டு விளிம்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க ஒருநாள் சொன்னீங்க அத்தான். வந்த புதுசுல. இது வீடா, சத்திரமான்னு. சமையலறைலதான் சொன்னீங்க. சுவர் மெல்லிசு." மாஸ்டர் மிளகின் ஈரக் கோட்டைத் தடவினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான்தான் சொல்லவேணாம்னு அவகிட்ட சத்தியம் வாங்கினேன்."

சொன்னது லிஃப்ட்காரருக்கு நினைவில்லை. சொல்லியிருக்கக்கூடியவர்தான் என்பது மட்டும் தெரிந்தது.

கண் மருத்துவமனைக்கு அவரே கூட்டிப்போனார். மருத்துவர் இளவயதுக்காரர், நல்லவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்: இது வம்சத்தில் வருவது, போன பார்வை திரும்பாது, இருப்பதும் சுருங்கிக்கொண்டே போகும், இப்போதே கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது மாஸ்டர் பஸ்ஸைவிட்டு இறங்கிய பிறகு, இனி மாலையில் வெளியே வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

லிஃப்ட்காரர் விடவில்லை. அக்கா பிடித்த மாதிரி கையைப் பிடிக்க அவருக்கு வரவில்லை. "என் தோள்ல கைய வை, போதும்" என்றார். இருவரும் ஒரு பருவம் முழுக்க அப்படி நடந்தார்கள். மாஸ்டருக்காகக் கழுத்து வளையம் மினுக்குவதை நிறுத்திவைத்தார் லிஃப்ட்காரர். பள்ளம், படி, ஈரம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தார். லிஃப்ட் கிணற்றுக்குள் கீழே நிற்பவனுக்குக் குரல் கொடுக்கிற அதே தொனியில். சில நாள் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். சண்டை போட்ட நாட்கள்தான் அவற்றுள் நல்ல நாட்கள்.

அடுத்த குளிர் வந்தபோது பச்சை விளக்கும் மாஸ்டருக்குத் தெரியாமல் போயிற்று. அதை அவர் அழுகையும் புலம்பலும் இல்லாமல் சொன்னார். எரியுதா என்று கேட்டார். எரிகிறது என்றார் லிஃப்ட்காரர். "அப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் கதவுவரைதான் வந்தார். கோட்டை மாட்டிவிடுவது மட்டும் அவர் வேலை. பட்டையை இழுத்து ஒட்டி, விரலை உள்ளே விட்டுப் பார்த்து, இறுக்கமில்லை என்று தெரிந்தபின் நாயை அனுப்புவார்.

பார்வையற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் இல்லம் ஒன்றில் இடம் கிடைத்தது. சில மாதங்கள் தங்கவேண்டும். மாஸ்டர் போக ஒப்புக்கொண்டார். அவர் சம்மதித்த வேகம்தான் லிஃப்ட்காரரை உறுத்தியது. புறப்படும் காலையில் பெட்டியைக் கட்டிக்கொடுத்துக்கொண்டே, பல நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

"உண்மையைச் சொல்லு. உன்னைத் துரத்திடுவேன்னு அவளும் நினைச்சாளா?"

மாஸ்டர் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இல்ல அத்தான். உங்ககிட்ட சொல்லிடலாம்டா, அவர் கத்துவார், அப்புறம் அவரே பார்த்துப்பார்னுதான் சொல்லிட்டே இருந்தா. நான்தான் விடல."

அது நிஜமா, புறப்படுகிற நேரத்தில் போட்டுவிட்டுப் போகிற ஆறுதலா என்று லிஃப்ட்காரருக்கு விளங்கவில்லை. முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்கள் சுவரில் ஏதோ ஓர் இடத்தில் நிலைத்திருந்தன. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவள் இல்லை. பெட்டியின் பூட்டை அமுக்கி மூடினார். மூடினது மூடினதுதானா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

மாஸ்டர் திரும்பி வரவில்லை. பயிற்சி முடிந்தபின் அந்த இல்லத்திலேயே தையல் கற்றுக்கொடுக்கச் சொன்னார்களாம், அங்கே தனக்கு எல்லாம் பழகிவிட்டது என்று போனில் சொன்னார். இங்கேயும் எல்லாம் பழக்கம்தானே என்று சொல்ல லிஃப்ட்காரருக்கு வாய் வரைக்கும் வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். மிளகை உள்ளே விடமாட்டார்கள். அதனால் வாசல் கம்பிக்கு வெளியே மாஸ்டரை வரவழைத்து, மூவரும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பேச அதிகம் இருக்காது. மாஸ்டர் குனிந்து மிளகின் முகத்தைத் தடவுவார். வாய்ப்பக்கம் நரைத்துப் போயிருப்பது கைக்குத் தெரியாது. லிஃப்ட்காரரும் சொல்வதில்லை.

இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும் என்று மாஸ்டர்தான் முதலில் சொல்வார். சரி என்று இவர் கிளம்புவார்.